உலர் கிளட்சா, ஈரக் கிளட்சா?

கார் விற்கும் கடைக்குச் சென்று, “இந்தக் காரின் கிளட்ச் உலர்ந்ததா, எண்ணெயில் நனைந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். வண்ணத்தைப் பற்றிக் கேட்டால் ஏழு விடை கிடைக்கும். தவணையைப் பற்றிக் கேட்டால் பத்து விடை கிடைக்கும். இக்கேள்விக்கு மட்டும், “ஆட்டோமேட்டிக் சார், கிளட்சே கிடையாது” என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியைப் பொறுத்தவரை அந்த விடை முற்றிலும் தவறு. கிளட்ச் இல்லாத கார் அன்று அது. ஒன்றுக்கு இரண்டாகக் கிளட்ச் உள்ள கார். காலால் மிதிக்கும் பெடல்தான் இல்லை.

இதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஏழை எளியோரின் காசு இருக்கிறது. என் ஊர் சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லி. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்து ஆந்திர எல்லையில் வேரூன்றிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் பக்கத்தில் கார் ஆடம்பரப் பொருள் மட்டும் அன்று. பலருக்கு அதுவே தொழில். குடுபல்லியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் திருப்பதிக்கும் பெங்களூருக்கும் ஆள் ஏற்றிச் செல்வோர் கடன்பட்டுக் கார் வாங்குகிறார்கள். புதியது வாங்க வசதியில்லாதவர், நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியை வாங்குகிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்துபோன வண்டி அது. அதன் இரட்டைக் கிளட்ச் பழுதானால் பல மாதச் சம்பாத்தியம் ஒரே பில்லில் போய்விடும். ஆகவே, வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியதை வாங்கியபின் அறிந்து வருந்துவது ஏன் என்பதே என் கேள்வி.

முதலில் கிளட்ச் செய்யும் வேலை என்ன என்று காண்போம். எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் உயிர் போய்விடும். சக்கரமோ நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும். ஓடுகின்ற ஒன்றையும் நிற்கின்ற ஒன்றையும் மெல்ல மெல்ல இணைத்து வைக்கும் தரகனே கிளட்ச். இரண்டு தட்டுகள் முதலில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பின்னர் இறுகப் பிடித்துக்கொள்ளும். வழுக்கும்போது உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் சூடு உண்டு. இறுகப் பிடித்தபின் வழுக்கல் இல்லை. ஆகவே சூடும் இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் போதும். மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

இரட்டைக் கிளட்ச் முறையில் ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சுக்கும், இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு கிளட்சுக்கும் உரியவை. வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் கோத்துத் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கண்ணிமைக்கும் நேரத்தில் கியர் மாறிவிடும். இடையில் விசை அறுபடுவதில்லை. அஞ்சலோட்டத்தில் முன்னவன் கையிலிருந்து கோல் விடுபடுமுன் பின்னவன் கை அதைப் பற்றிக்கொள்வது போன்றது இது. ஆடோல்ஃப் கெக்ரஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1939ஆம் ஆண்டிலேயே இவ்வெண்ணத்தை வகுத்தார். 1980களில் போர்ஷே, ஆடி ஆகிய நிறுவனங்களின் பந்தயக் கார்கள் இதனைப் பயன்படுத்தின. 2003இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் ஆர் 32 என்னும் காரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஈர வகை. 2008இல் அதே நிறுவனம் ஏழு கியர் கொண்ட உலர் வகையை வெளியிட்டது.

ஈர வகையில் கிளட்சின் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி சுழல்கின்றன. பம்பு ஒன்று எண்ணெயைத் தட்டுகளின்மேல் பாய்ச்சுகிறது. எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்விப்பானில் இறக்கிவைக்கிறது. உலர் வகையில் எண்ணெய் இல்லை. சூட்டை அங்குள்ள இரும்புத் தட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்; பிறகு சுற்றியுள்ள காற்றிடம் மெல்ல மெல்ல விட்டுவிட வேண்டும்.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. குடுபல்லியில் டிராக்டர் வாங்கும் உழவரைக் கேளுங்கள். பிரேக் உலர் தட்டா, எண்ணெயில் மூழ்கியதா என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் விலை பேசுவார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியவேட்டுப் பக்கத்தில் ஹீரோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தட்டுக் கிளட்ச்தான். அதனால்தான் கார் எஞ்சினுக்கான வழுவழுப்பு மிகுந்த எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றக் கூடாது என்று மெக்கானிக்குகள் எச்சரிக்கிறார்கள். ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். டிராக்டரிலும் இருசக்கர வண்டியிலும் நாம் கேட்கத் தெரிந்த கேள்வியைக் காரில் மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

பௌதிக மாணவன் ஆதலின் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். அஞ்ச வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார். சமதரையில் நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறது. முதல் கியரில் மணிக்கு ஏழெட்டு கி.மீ. வேகம் வந்ததும் கிளட்ச் முழுதும் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் கிளட்சில் பிறக்கும் சூடு, கார் பெற்ற இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். அதாவது மூன்றரை கிலோஜூல். மிகச் சிறிய அளவுதான்.

இனி அதே கார் 100 அடிக்கு 8 அடி உயரும் சரிவில் நிற்கட்டும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தியபடி வண்டி பின்னோக்கி உருளாமல் தாங்கிப் பிடிக்கிறார். கார் அசையவில்லை, ஆயினும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழல்கிறது. எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் கிளட்சிலேயே சூடாகிறது. முதல் கியரின் மொத்த விகிதத்தை 15 என்றும், சக்கரத்தின் ஆரத்தை 30 செ.மீ. என்றும் கொண்டு கணக்கிட்டால், இரண்டரை கிலோவாட் வருகிறது. வீட்டில் வெந்நீர் போடும் மின் ஹீட்டரைக் காட்டிலும் அதிகம் இது! ஒரு நிமிடம் அப்படித் தாங்கிப் பிடித்தால் 150 கிலோஜூல்; சமதரையில் நாற்பது முறை புறப்பட்டதற்குச் சமம்.

அந்தச் சூடு எங்கே போகும்? உலர் வகையில் நான்கு கிலோ இரும்புத் தட்டு அதனை வாங்கிக்கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரே நிமிடத்தில் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 75 டிகிரி உயரும். இரண்டாம் நிமிடத்தில் இன்னும் 75. எஞ்சின் பக்கத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கும் தட்டு, 200, 250 டிகிரி என்று ஏறும்போது உராய்வுப் பொருளின் பிடிமானம் மாறத் தொடங்குகிறது, வண்டி நடுங்குகிறது, நாளடைவில் தட்டின் முகம் கருகிப் பளபளப்பாகிவிடுகிறது. ஈர வகையில் ஐந்து லிட்டர் எண்ணெய் அதே சூட்டை வாங்கிக்கொண்டால், உயர்வு 18 டிகிரி அளவில்தான் இருக்கும். அதிலும் ஒரு பகுதியைக் குளிர்விப்பான் உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும். இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. ஆனால் இந்த ‘இவ்வளவு’தான் நம் சாலைகளில் பெரிதாகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். “திருமலை ஏறினால் உலர் கிளட்ச் போய்விடும்” என்று சிலர் கூறுவர். மலை ஏறுவதால் கிளட்ச் கெடுவதில்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். 1944இல் திறந்த பழைய மலைச்சாலை இன்று இறங்குவதற்கும், 1974இல் வந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. தடையின்றி ஓடும் காரில் கிளட்ச் இறுகப் பிடித்தபடி இருக்கும், உழைப்பெல்லாம் எஞ்சினுக்கு. கிளட்சுக்குப் பகை மலை அன்று; மலையில் அமையும் வரிசை. அலிபிரிச் சோதனைச் சாவடியில் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசையும், ஏற்றத்து வளைவில் பேருந்தின் பின்னே நடை வேகத்தில் ஊர்வதும், பலமனேருக்கும் சித்தூருக்கும் இடையே மொகிலி மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின் சிக்குவதும், பெங்களூரின் மாலை நெரிசலும்தான் அதன் பகை. ஏனெனில், நடை வேகத்துக்குக் குறைந்த வேகத்தில் கிளட்ச் முழுதும் பிடிக்க இயலாது, வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கும் நேரமெல்லாம் சூடு பிறந்துகொண்டே இருக்கும்.

அப்படியாயின் உலர் கிளட்சை ஏன் செய்கிறார்கள்? அறியாமையாலா? அன்று. அதற்கும் தக்க காரணங்கள் உண்டு. எண்ணெயில் சுழலும் தட்டுகளை எண்ணெய் சிறிது இழுத்துப் பிடிக்கும். எண்ணெயைப் பாய்ச்சும் பம்பும் எஞ்சினிடமிருந்து கொஞ்சம் ஆற்றலைக் கேட்கும். உலர் வகையில் இவ்விரண்டு செலவும் இல்லை. ஆகவே பெட்ரோல் மிச்சமாகிறது. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஈர வகைக்கு எண்ணெயையும் வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். முதலில் வந்த ஆறு கியர் ஈரப் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க எண்ணி மாற்றாமல் ஓட்டினால், எண்ணெயால் வாழ்ந்த கிளட்ச் அந்த எண்ணெயாலேயே கெடும். விசையிலும் வேறுபாடு உண்டு. ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் பெட்டி 250 நியூட்டன்-மீட்டர் அளவு முறுக்கு விசைக்கு அமைந்தது. ஆறு கியர் ஈரப் பெட்டியோ 350 வரை தாங்கும். சிறு காருக்கு உலர், பெரும் விசைக்கு ஈரம் என்னும் பிரிவினை இப்படித்தான் எழுந்தது. சென்னையிலிருந்து நெல்லூருக்கோ திருச்சிக்கோ நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு உலர் கிளட்ச் குறையுடையது அன்று, சிக்கனமானது என்பேன்.

நிற்க. நம் நாட்டில் இவை வந்த வரலாற்றையும் சுருங்கக் காண்போம். 2013இல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. காரும், சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் செய்த ஈக்கோஸ்போர்ட் காரும் உலர் இரட்டைக் கிளட்சோடு வந்தன. 2019இல் இருங்காட்டுக்கோட்டையில் அன்று உருவான ஹூண்டாய் வென்யூவும், ஆந்திரத்துப் பெனுகொண்டாவில் உருவாகும் கியா செல்ட்டாஸும் ஏழு கியர் உலர் வகையைக் கொண்டுவந்தன. 2022 மார்ச்சில் டாட்டா நிறுவனம் ஆல்ட்ரோஸ் என்னும் சிறு காரிலேயே ஈர வகையைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. சிறு கார் என்றால் உலர் கிளட்ச்தான் என்பது இயற்கை விதி அன்று என்பதற்கு அதுவே சான்று. ஈக்கோஸ்போர்ட்டின் கதையும் கருதத்தக்கது. 2017இல் அந்தக் காரைப் புதுப்பித்தபோது, அதன் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வகையில் இரட்டைக் கிளட்சை நீக்கிவிட்டு, திரவத்தின் வழியே விசை கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் முறைக்கு அந்நிறுவனமே மாறிவிட்டது.

வெளிநாட்டில் நிகழ்ந்ததையும் மறத்தல் ஆகாது. 2013 மார்ச்சில் சீனத்தில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் இரட்டைக் கிளட்ச்ப் பெட்டி பொருத்திய 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக முழுவதும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் ஏழு கியர்ப் பெட்டியின் எண்ணெயை மாற்றித் தந்தது. அப்பெட்டியில் கிளட்ச் உலர்ந்தது. ஆனால் பல்சக்கரங்களுக்கு எண்ணெய் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று செல்லும் நெரிசலில், அந்தச் செயற்கை எண்ணெயால் மின்பகுதியில் கோளாறு எழலாம் என்பதே காரணம். ஆகவே எல்லாப் பழியையும் உலர் கிளட்சின் தலையில் சுமத்துவது நேர்மை அன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: வெப்பம், ஈரப்பதம், நெரிசல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது யாருடைய நாடு? நம்முடையது அன்றோ!

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதனினும் முக்கியமானது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு மத்திய நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியா நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலர் தண்டம் விதித்தது. உலர் இரட்டைக் கிளட்ச் பொருத்திய கார்கள் நடுங்குகின்றன என்று முறையிட்டவர்களை அந்நிறுவனம் நடத்திய விதத்துக்கு விதித்த தண்டம் அது. அங்கே சிலரிடம், “நீங்கள் ஓட்டும் முறைதான் காரணம்” என்று கூறி அனுப்பியிருக்கிறார்கள். பலருக்கும் அதே குறை இருப்பதை அறிந்திருந்தும் அப்படிக் கூறியிருக்கிறார்கள். என் கருத்தில் இந்த வழக்கின் சாரம் இதுதான். பொருளில் குறை இருப்பது ஒரு குற்றம். அதனை வாங்கியவன் தலையில் கட்டுவது அதனினும் பெரிய குற்றம்.

“ஓட்டும் முறையால் கிளட்ச் கெடும் என்று நீயே கணக்குப் போட்டுக் காட்டினாயே!” என்று நண்பர்கள் மடக்கலாம். மெய்தான்; ஓட்டும் முறைக்கும் பங்கு உண்டு. ஆனால் எப்படி ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதே, பிரேக்கால் பிடி என்று காரோடு வரும் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. கிளட்ச் மிகச் சூடானால் எச்சரிக்கை தோன்றும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்து என்றும் அச்சிட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே, பெரும்பாலும் ஆங்கிலத்தில்! கையேடு காரின் அறைக்குள்ளே உறங்குகிறது. ஓட்டுநரோ தமிழோ தெலுங்கோ மட்டும் படிப்பவர். இரண்டாம் கையாக வண்டி வாங்கியவருக்குக் கையேடே கிடைப்பதில்லை. சொல்லாமல் விட்டதைச் செய்யவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே என் முடிவைத் தெளிவாகக் கூறுகிறேன். நெடுஞ்சாலையில் மிகுதியாக ஓடுபவர் உலர் வகையை வாங்கலாம். சிக்கனத்தின் பயனைப் பெறுவார். மலைப்பாதை வரிசையும் நகர நெரிசலும் அன்றாடப் பிழைப்பாக உள்ளவர் ஈர வகையையோ, டார்க் கன்வெர்ட்டர் வகையையோ நாடுவதே அறிவுடைமை. பெட்ரோலில் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் கிளட்சில் மிச்சப்படுத்துவார். எதை வாங்கினாலும், எது என்று அறிந்து வாங்க வேண்டும். விற்பவர் மூன்று செய்திகளை விலைப்பட்டியலிலேயே, வாங்குவோரின் மொழியில், எழுதித் தர வேண்டும்: கிளட்ச் உலர்ந்ததா, நனைந்ததா? எண்ணெய் மாற்ற வேண்டுமாயின் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை? கிளட்சுக்கு உத்தரவாதம் உண்டா, எத்தனை ஆண்டு? இம்மூன்றையும் எழுத மூன்று வரி போதும். மூன்று வரி எழுதக் கூசுகிற விற்பனையில் ஏதோ மறைவு இருக்கிறது என்றே பொருள்.

ஏற்கெனவே உலர் கிளட்ச் கார் வைத்திருப்போர் அஞ்ச வேண்டியதில்லை. சரிவில் நிற்க நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். பிரேக்கை அழுத்தியதும் கிளட்ச் விலகி ஓய்வெடுக்கும். வரிசையில் அங்குலம் அங்குலமாக ஊராதீர்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் நாலைந்து கார் இடைவெளி விழட்டும், பின்னர் ஒரே மூச்சில் சென்று நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். அவர் உங்கள் கிளட்சுக்குக் காசு தரப்போவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். பழைய கார் வாங்குமுன், நன்றாக ஓடிச் சூடான பிறகு, ஓர் ஏற்றத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் புறப்பட்டுப் பாருங்கள். நடுங்கினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

நண்பர்களே! நாம் வகுப்பில் உராய்வையும் வெப்பத்தையும் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்த உராய்வினாலும் வெப்பத்தினாலும் ஒருவர் தம் வண்டியை இழக்கும்போது அவருக்கு உதவாத படிப்பு யாருக்காக? நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். மேலே கூறிய மூன்று கேள்விகளையும், ஓட்டும் முறைகளையும் ஒரே தாளில், ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் தெலுங்கிலும் அச்சிடுவோம். வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் பத்துத் தாள் கொண்டுபோய், தம் ஊர்க் கார் நிறுத்தத்தில் கொடுத்து விளக்கட்டும். குடுபல்லிக்கும் குப்பத்துக்கும் உரிய தாள்களை நான் எடுத்துச் செல்கிறேன். திருப்பதிக்கும் சித்தூருக்கும் யார் எடுத்துச் செல்கிறீர்கள்?